ஐஸ் பிளான்ட் அதிர்வுத் தரவு: பாக்கெட் தொலைவது காற்றிலா, கம்பியிலா?

கெடிலக்கரை:
கடலூர் முதுநகரில் உள்ள ஓர் ஐஸ் பிளான்ட்டின் கம்ப்ரசர் மோட்டாரில் பேரிங் தேய்வதை முன்கூட்டியே அறிய, அதிர்வை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துவருகிறேன். ஏடிஎக்ஸ்எல்345 சென்சார் நொடிக்கு 3200 அளவீடுகள் தருகிறது. ஒவ்வொன்றும் 6 பைட். ஐந்து அளவீடுகளோடு 2 பைட் வரிசை எண்ணைச் சேர்த்து 32 பைட் பாக்கெட்டாக்கி, என்ஆர்எஃப்24எல்01+ ரேடியோ மாட்யூல் வழியாக நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில், 40ஆம் சேனலில் அனுப்புகிறேன். பதினைந்து மீட்டர் தள்ளி அலுவலக அறையில் இருக்கும் ஆர்டுயினோ நானோ என்னும் சிறு கன்ட்ரோலர் பலகை அதை வாங்கி, சீரியல் போர்ட்டில் நொடிக்கு 115200 பிட் வேகத்தில் லேப்டாப்புக்குத் தருகிறது. நொடிக்கு 640 பாக்கெட் அனுப்பினால் ஏறத்தாழ 360 மட்டுமே வந்து சேர்கின்றன. வந்தவற்றில் ஒரு பைட்கூடப் பிழையில்லை. எங்கே தேடுவது?

லாசுப்பேட்டையார்:
காற்றில்தான் தேட வேண்டும். சிஆர்சி என்னும் பிழைச் சரிபார்ப்பில் தேறாத பாக்கெட்டை மாட்யூலே எறிந்துவிடும் என்பதால், ரேடியோவில் இழப்பு நேர்ந்தால் அது இப்படி முழுப் பாக்கெட்டாகவே தெரியும். 40ஆம் சேனல் என்பது 2440 மெகாஹெர்ட்ஸ். வைஃபையின் 6ஆம் சேனலுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆன்டெனா வைத்த பவர் ஆம்ப்ளிஃபையர் மாட்யூல் என்றால், அனுப்பும் நேரத்தில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், நானோவின் 3.3 வோல்ட் பின்னோ 50 மில்லி ஆம்பியருக்கே தாங்கும். வேகத்தை 250 கிலோபிட்டுக்குக் குறைத்தால், மெல்லிய சிக்னலையும் வாங்கும் ஏற்புத்திறன் மைனஸ் 85 டிபிஎம்மிலிருந்து மைனஸ் 94 வரை மேம்படும். முதலில் அதைச் செய்யுங்கள்.

உப்பனாறு:
நண்பர் லாசுப்பேட்டையார் சொல்லும் குறைகள் உண்மையானவை. ஆனால் இந்த 360 என்னும் எண்ணுக்கு அவை காரணமாக இருக்க முடியாது. 360ஐ 32ஆல் பெருக்கிப் பாருங்கள், 11,520 வரும். சீரியலில் ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், நிறுத்த பிட் உட்பட 10 பிட் செலவாவதால், 115200 வேகத்தில் நொடிக்குப் போகக்கூடியதும் அதே 11,520 பைட்தான். கெடிலக்கரை தள்ள நினைப்பதோ 20,480 பைட். குறுக்கீடு ஒருநாளும் இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்துக்கொண்டு பாக்கெட்டைத் தின்னாது.

250 கிலோபிட் யோசனையையும் நான் ஏற்கவில்லை. 5 பைட் முகவரியோடு ஒரு பாக்கெட் 329 பிட், அது கிடைத்ததென்று வாங்கும் மாட்யூல் திருப்பி அனுப்பும் ஒப்புகை 73 பிட், அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் இடையே மாறும் இரண்டு திசைமாற்றங்களுக்கும் தலா 130 மைக்ரோ விநாடி என்று கூட்டினால் ஒன்றுக்கு 1.87 மில்லி விநாடி ஆகிறது. 640 பாக்கெட்டுக்கு 1.2 நொடி வேண்டும். ஒரு நொடிக்குள் அது அடங்காது.

லாசுப்பேட்டையார்:
கம்பிதான் குற்றவாளி என்றால், அனுப்பும் பக்கத்தில் ஒப்புகை வரவில்லை என்று, மறுமுயற்சிகள் தீர்ந்ததைக் காட்டும் மேக்ஸ் ஆர்டி கொடி ஏறக் கூடாதே? கெடிலக்கரை அதைப் பார்த்தாரா?

கெடிலக்கரை:
பார்த்தேன், ஏறுகிறது. பதினைந்து முறை முயன்றும் ஒப்புகை கிடைக்காமல் கைவிடுகிறது.

உப்பனாறு:
ஏறத்தான் செய்யும். வாங்கும் மாட்யூலில் மூன்று பாக்கெட்டுக்கு மட்டுமே இடம் உண்டு. லேப்டாப்புக்குப் போக வேண்டிய பைட்டுகள் காத்திருக்கும் நானோவின் 64 பைட் சீரியல் பஃபர் நிரம்பியதும் சீரியல் ரைட் கட்டளை அங்கேயே காத்து நிற்கும். அதுவரை ரேடியோவிலிருந்து எடுப்பார் இல்லாததால் மூன்று இடங்களும் நிரம்பிவிடும். இடமில்லாதபோது மாட்யூல் ஒப்புகை அனுப்பாது. கம்பியில் ஏற்பட்ட அடைப்பு, அனுப்புபவருக்குக் காற்றில் ஏற்பட்ட இழப்பைப் போலவே தோற்றமளிக்கும். லேப்டாப்புக்கு எதையும் எழுதாமல், வரிசை எண்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

கெடிலக்கரை:
எண்ணினேன்: 640க்கு 637. சீரியல் வேகத்தை 500000 ஆக்கிய பின் லேப்டாப்பிலும் அதே அளவு வருகிறது. அலுவலகத்தில் கேமரா வீடியோ பார்க்கும் நேரத்தில் மட்டும் ஏழெட்டு குறைகின்றன.

உப்பனாறு:
500000 நல்ல தேர்வு. 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அது பிழையின்றி அமைகிறது. 115200 கேட்டால் உண்மையில் கிடைப்பது 117647, அதாவது 2.1 சதவீதப் பிழை.

லாசுப்பேட்டையார்:
360இன் கணக்கை நான் கவனிக்கத் தவறினேன், ஒப்புக்கொள்கிறேன். மீதமுள்ள ஏழெட்டு பாக்கெட் காற்றில் தொலைபவை. 78ஆம் சேனலுக்கு, அதாவது 2478 மெகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். வைஃபையின் 11ஆம் சேனல் 2473க்குள் முடிந்துவிடும். 83க்கு மேல் போக வேண்டாம், இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட பட்டை 2483.5 வரைதான். தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போட்டு, 47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை மாட்யூலின் பின்னிலேயே பற்றவையுங்கள். துறைமுகத்து உப்புக்காற்றில் செருகும் ஒயர்கள் சீக்கிரமே பச்சை பிடிக்கும். இத்தனைக்குப் பிறகும் ஒன்றிரண்டு தொலைந்தால், இருபுறத்து மதிப்புகளைக் கொண்டு இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாம்.

உப்பனாறு:
கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். பேரிங் பழுது மிகச் சிறிய நேரத்து அடியாகத்தான் அதிர்வில் தெரியும். தொலைந்த ஐந்து அளவீடுகள் 1.6 மில்லி விநாடிக்குரியவை, அந்த அடி அதற்குள்ளேயே இருந்திருக்கலாம். வரிசை எண் விட்டுப்போன தொகுதியை அப்படியே ஒதுக்கிவிட்டு, அடுத்து இடைவெளியின்றி வரும் 1024 அளவீடுகளைக் கொண்டு அலைவெண் பகுப்பாய்வைச் செய்யுங்கள்.