மறுமொழி: ஸ்கிராட்ச்சுக்கு 'கீறல்' வேணாம், 'தேய்ப்பு' வெச்சுப் பாருங்க

எல்லாருக்கும் வணக்கம்,

டிஜே வார்த்தைங்களுக்குத் தமிழ்ச் சொல்லு தேடற நம்ம பேச்சுல, ஓடற ரெக்கார்ட கையால முன்ன பின்ன ஓட்டிச் சத்தம் வரவெக்கற 'ஸ்கிராட்ச்'சப் பத்தி ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தாரு:

> ஸ்கிராட்ச்னா கீறல்தானே, இதுல பேச என்ன இருக்கு?

இருக்குண்ணே. வியாசர்பாடில ஞாயித்துக்கிழமை பத்துப் பதினஞ்சு பசங்களுக்கு டிஜே வேலை சொல்லித் தர்றேன், அவங்களுக்குக் குடுத்த தாள்ல நானும் 'கீறல்'னுதான் அடிச்சிருந்தேன். ஒரு பையன் அதப் படிச்சுட்டு நகத்த ரெக்கார்டு மேல வெச்சு அழுத்திட்டான், முள்ளு எகிறி நெசமாவே கீறல் விழுந்துடுச்சு. அவன் மேல தப்பே இல்ல, சொல்லு அப்படித்தான செய்யச் சொல்லுது?

எங்க சித்தப்பா புளியந்தோப்புல சவுண்டு சர்வீஸ் வெச்சிருந்தாரு, குழாய் ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர் எல்லாம் உண்டு. அவருக்குக் கீறல்னா நஷ்டம். சொன்னதையே சொல்றவன இன்னிக்கும் 'கீறல் விழுந்த ரெக்கார்டு'ன்னுதான சொல்றோம். ஆனா ஸ்கிராட்ச்ல கீறலே கெடையாது. முள்ளு அதே பள்ளத்துலதான் ஓடும், கைதான் ரெக்கார்ட முன்னயும் பின்னயும் ஓட்டுது, கீழ இருக்கற ஃபெல்ட் துணி வழுக்கறதால நாம கையால புடிச்சிருந்தாலும் அடித்தட்டு பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். 1970-கள் நடுவுல நியூயார்க் பிராங்க்ஸ்ல கிராண்ட் விசார்ட் தியோடர்ங்கற டிஜே இதக் கண்டுபுடிச்ச கதையும் அதுதான், அம்மா வந்து சத்தம் போட்டாங்கன்னு ஓடற ரெக்கார்ட கையால புடிச்சாராம், புடிச்ச கை முன்னயும் பின்னயும் அசைஞ்சப்ப வந்த சத்தம் அவருக்குப் புடிச்சுப் போச்சு.

அதனால நான் சொல்றது 'தேய்ப்பு'. தேய், தேய்க்கிறான், தேய்ப்பு, வினையா பெயரா எப்படியும் வளையும். இது உறுமிக்காரங்க வேலை. உறுமில ஒரு பக்கம் வளைஞ்ச குச்சியால தோல தேய்ப்பாங்க, இன்னொரு பக்கம் அடிப்பாங்க, தேய்க்கறதுலதான் அந்த உறுமலே வருது. இங்கயும் ஒரு கை ரெக்கார்டுல தேய்க்கும், இன்னொரு கை கிராஸ்ஃபேடர்ல, அதாவது சத்தத்தத் தெறந்து மூடற தள்ளு பித்தான்ல, வெட்டும். ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை, எங்க பசங்களுக்கு இத விளக்கவே தேவையில்ல.

இங்க ஒரு அக்கா சொன்ன 'தட்டுரசல்' (இசைத்தட்ட உரசறது) அழகா இருக்கு, ஆனா இப்ப நெறைய பேரு கம்ப்யூட்டரோட இணைக்கற கன்ட்ரோலர்ல, ஜாக் வீலுங்கற சுத்தற வட்டு வெச்சுதான் பழகறாங்க, அதுல இசைத்தட்டும் இல்ல முள்ளும் இல்ல. கை தேய்க்கறது மட்டும் மாறல. 'சுரண்டல்' வேணவே வேணாம், அது கூலிப் பிரச்சனைல பேசற வார்த்தை. துணி தேய்க்கறதோட குழம்பும்னு ஒருத்தர் எழுதினீங்க, 'ரெக்கார்டு தேயத் தேயக் கேட்டோம்'னு சொல்றப்ப யாரும் இஸ்திரிப் பொட்டிய நெனைக்கறது இல்லையே.

உள் வகைக்கும் சொல்றேன். ஃபேடரத் தொடாம சும்மா முன்ன பின்ன ஓட்டற பேபி ஸ்கிராட்ச்ச 'வெறுந்தேய்ப்பு'ங்கலாம், இதையே தாளம் தப்பாம மாசக்கணக்குல பண்ணணும், அதுக்கு முன்னாடி ஃபேடர்ப் பக்கம் போகக் கூடாதுன்னு நான் கண்டிப்பா சொல்வேன். முன்னத் தள்ளி முடியறப்ப மூடி, திரும்ப வர்றப்ப தெறக்கற சர்ப் (chirp), 'கீச்சுத் தேய்ப்பு'. கட்டை விரல் ஒரு பக்கம் தாங்க, மத்த நாலு விரலும் ஒண்ணொண்ணா ஃபேடரத் தட்டற கிராப், 'நண்டு'. காசிமேட்டுப் பையன் ஒருத்தன் விரலப் பாத்த ஒடனே அவனே சொன்னது அது. ஃபிளேர்ங்கற வகை, டிஜே ஃபிளேரோட பேருல வந்தது, அத அப்படியே விட்டுடலாம், ஒரு மனுசன் பேர மொழிபெயர்க்க மனசு வரல.

கடைசியா, ஒரு டிஜேவுக்குன்னே இருக்கற அடையாளத்தச் சொல்ற 'ஓன் சவுண்ட்'டுக்குத் 'தனி ஒலி'ன்னு போட்டிருக்கீங்க, அது எனக்கு ஒட்டல. ஒலி மட்டும்னா ரெக்கார்ட மாத்துனா வந்துடும். 1982-ல வந்த ஒரு ரெக்கார்டு முடிவுல வர்ற 'ஆஆ', 'ஃப்ரெஷ்' ரெண்டையும் உலகம் பூரா தேய்க்கறாங்க, ஆனா கேட்டா இது இன்னாரு கைனு தெரியும். எங்க தள்றான், எங்க நிறுத்தறான், எவ்ளோ நேரம் சும்மா விடறான், அது அவனோடது. அந்தக் காசிமேட்டுப் பையன் அவங்க ஆயா மீன் கூவி விக்கறப்ப இழுக்கற 'ஏஏய்'ய ஃபோன்ல புடிச்சுட்டு வந்தான், தொடக்கம் வெட்டுனாப்ல, பின்னாடி நீளமா, தேய்க்கறதுக்குன்னே செஞ்ச சத்தம் அது. மொத நாள் அவன் தேய்ச்சப்ப நல்ல சத்தமா இருந்துச்சு, அவ்ளோதான். மூணு மாசம் கழிச்சு, கானாப் பாட்டுக்கு நடுவுல தேய்க்கறப்ப, ஆயா கூவறப்ப மூச்சு வாங்கற எடத்துல இவனும் கைய நிறுத்துனான் பாருங்க, அதுக்குத் தமிழ்ல 'கைவாகு'ன்னு ஏற்கனவே சொல்லு இருக்கு. அதையே எடுத்துக்கலாங்கறது என் விருப்பம்.

ஃபேடருக்கு மட்டும் எனக்கு ஒண்ணும் அமையல. 'மடை'ன்னு ஒருத்தர் சொன்னாரு, தெறக்கறது மூடறது ரெண்டுக்கும் பொருந்துது, ஆனா பசங்க யாரும் மடையப் பாத்ததில்ல. வேற இருந்தா சனிக்கிழமைக்குள்ள எழுதுங்க, அன்னிக்கு ராத்திரி புதுத் தாள் பிரிண்ட் போடறேன்.