ஸ்காட்லாந்து ‘ரெக்டர்’ பதவிக்குத் தமிழ்ச்சொல்: ‘தெரிவேந்தர்’

அன்புடையீர், வணக்கம்.

ஸ்காட்லாந்தின் ஐந்து பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாக்களித்து அமர்த்தும் ‘ரெக்டர்’ என்னும் பதவியைத் தமிழில் ‘கௌரவத் தலைவர்’ என்று எழுதிவிடலாம் என்ற கருத்து கலைச்சொற்கள் பற்றிய நம் உரையாடலில் வலுப்பெற்று வருகிறது. அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. விழாவுக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு போகிறவர் என்ற எண்ணத்தை அந்தத் தொடர் படிப்பவர் மனத்தில் விதைத்துவிடும். அந்தப் பதவியோ சட்டத்தால் நிறுவப்பட்டது, நாற்காலியும் வாக்கும் உடையது. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் முதலில் பதவியின் வரலாற்றையும் வேலையையும் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுக்குப் போவது நல்லது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோஞாவில் வெளியூர்களிலிருந்து வந்த மாணவர்கள் தாங்களே ஒரு கழகமாகத் திரண்டு, தமக்குள் ஒரு ரெக்டரைத் தெரிந்தெடுத்து, ஆசிரியர்களையும் தம் விதிகளுக்குக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்த வழக்கத்தின் சாயல் செயின்ட் ஆண்ட்ரூஸ் (1413), கிளாஸ்கோ (1451), அபர்தீன் (1495) ஆகிய பழைய பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்ந்தது. கிளாஸ்கோவில் மாணவர்களை அவர்கள் பிறந்த பகுதியை வைத்து நான்கு ‘நாட்டார்’ கூட்டங்களாகப் பிரித்து வாக்கெடுக்கும் முறை 1970கள் வரை இருந்தது. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1787இல் அங்கே ரெக்டரானார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் அந்தப் பதவியில் இருந்தார். 1858இல் வந்த ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகச் சட்டம் இந்தப் பழைய வழக்கத்துக்குப் புதிய உருவம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் சொத்து, வரவுசெலவு, பணியமர்த்தம் ஆகியவற்றை முடிவுசெய்யும் உயர் அமைப்பாக வளர்ந்த ஆட்சிமன்றம் அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். அதற்குத் தலைமை தாங்கும் உரிமை ரெக்டருக்கு அளிக்கப்பட்டது. அதுவரை நகரசபையின் பிடியில் இருந்த எடின்பரோவும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. அங்கே 1859இல் தேர்வான முதல் ரெக்டர், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன்.

உரிமை சட்டத்தில் இருந்தாலும் அதை எவரும் முழுதாகப் பயன்படுத்தாத காலம் நீண்டது. அரசியல் தலைவர்களும் எழுத்தாளர்களும் தேர்வாகி, ஒரு பேருரை ஆற்றிவிட்டுப் போவதே வழக்கமாயிற்று. சர்ச்சில் அபர்தீனிலும் எடின்பரோவிலுமாக இருமுறை ரெக்டராக இருந்தவர். ‘கௌரவத் தலைவர்’ என்று எழுத விரும்பும் நண்பர்கள் இந்தக் காலத்தை மட்டுமே மனத்தில் கொண்டிருக்கிறார்கள் என்று கருதுகிறேன். 1972இல் எடின்பரோவில் நடந்ததை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு கார்டன் பிரவுன் என்ற இருபத்தொரு வயது மாணவர் ரெக்டராகத் தேர்வானார். அதற்கு முந்தைய ஆண்டே அங்கு ஒரு மாணவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்றாலும், ஆட்சிமன்றக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து தலைமை நாற்காலியில் அமர்ந்து, நிகழ்ச்சிநிரலில் எது இடம்பெறும் என்று வாதாடியவர் பிரவுன். பல்கலைக்கழகத்தின் முதல்வரும் மூத்த பேராசிரியர்களும் மேசையின் பக்கங்களில் அமர்ந்திருக்க, பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் தலைமையிடத்திலிருந்து அவர்களைப் பேச அழைக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ரெக்டரிடமிருந்து தலைமை உரிமையைப் பறிக்க ஆட்சிமன்றத்தில் முயற்சி நடந்தது, அது பலிக்கவில்லை. வெறும் கௌரவத்தைப் பறிக்க எவரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

இதற்கு எதிர்ச்சான்றாகக் கிளாஸ்கோவைக் காட்டுவார்கள். அங்கு மாணவர்கள் 1962இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஆல்பர்ட் லுதுலியையும், 1987இல் அதே போராட்டத்தின் வின்னி மண்டேலாவையும், 2014இல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்டு ருஷ்யாவில் அடைக்கலம் புகுந்திருந்த எட்வர்ட் ஸ்னோடனையும் தேர்ந்தெடுத்தார்கள். இடையில், இஸ்ரேலின் அணு ஆயுத ரகசியத்தை வெளியிட்டு, அந்நாட்டை விட்டு வெளியேறத் தடைவிதிக்கப்பட்ட மோர்டெகாய் வனுனுவும் ரெக்டரானார். வர முடியாதவர் என்று தெரிந்தே ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, நாற்காலியைக் காலியாக விட்டு உலகத்துக்கு ஒரு செய்தி சொல்வது. அதைத் தவறென்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் தங்கள் விடுதி வாடகைக்கும் மனநல ஆலோசனைக்கும் ஆட்சிமன்றத்தில் வாதாட ஆள் வேண்டும் என்று கேட்கும் மாணவர்களும் அதே வளாகத்தில் இருக்கிறார்கள். வேலைசெய்யும் ரெக்டரா, அடையாள ரெக்டரா என்ற வாதம் தேர்தல்தோறும் எழுகிறது. தேர்வாகிறவர் அதிகாரத்தைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமல் விடலாம். அதிகாரம் பதவியில் தங்கியிருக்கிறது. நாம் பெயர் வைக்க வேண்டியது பதவிக்கு, வந்து போகும் ஆளுக்கு அல்ல.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘முதல்வர்’ என்பது நிச்சயமாக உதவாது. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துகிற, துணைவேந்தர் பட்டத்தையும் உடன் தாங்குகிற பிரின்சிபலுக்கே அது தேவைப்படுகிறது; இருவரும் ஒரே பத்தியில் வரும்போது படிப்பவர் திண்டாடிப் போவார். இலங்கையில் திருகோணமலை வளாகம் போன்றவற்றின் ரெக்டரை ‘முதல்வர்’ என்பது நிலைபெற்ற வழக்கு, அது அங்கே சரியானது. ஏனென்றால் அவர் வளாகத்தை நிர்வகிப்பவர், மாணவர் வாக்கால் வந்தவரல்லர். இயேசு சபைக் கல்லூரிகளின் ரெக்டரைக் குறிக்கும் ‘அதிபர்’ என்ற சொல்லும் இப்படித்தான், துறவற இல்லத்தின் தலைமையைச் சுட்டுவது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் ரெக்டர் என்றால் நம் துணைவேந்தருக்கு நிகரானவர். ஒலி ஒன்று என்பதற்காக இவர்கள் எல்லோருக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

‘மாணவர் தலைவர்’ என்றால் மாணவர் பேரவையின் தலைவரோடு குழப்பம் வரும். மேலும் எடின்பரோவில் மாணவர்களோடு ஊழியர்களும் வாக்களிக்கிறார்கள் என்பதால், ‘மாணவர்’ என்ற சொல்லைப் பெயருக்குள்ளேயே பூட்டி வைப்பது அங்கே பொருந்தாது. ‘மன்றத்தலைவர்’ என்பது இவற்றுள் சிறந்தது, நெடுநாள் நானும் அதன் பக்கமே சாய்ந்திருந்தேன். ஆனால் 1967இல் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து பிரிந்து தனியாக நின்ற டண்டியில் ரெக்டர் உண்டு, ஆட்சிமன்றத் தலைமை அவருடையதன்று. 2016இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இயற்றிய உயர்கல்வி ஆளுகைச் சட்டம் தேர்தல்வழி வந்து மன்றத்தை வழிநடத்தும் பொறுப்பேற்கும் மூத்த வெளியுறுப்பினர் என்ற இன்னொரு பதவியை ஆட்சிமன்றத்துக்குள் கொண்டுவந்திருப்பதால், மன்றத்தின் தலைமை என்பதே இப்போது ஒருவரிடம் முழுதாக அடங்குவதாக இல்லை.

ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக எஞ்சி நிற்பது ஒன்றுதான்: வளாகத்தில் இருப்பவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குத் தெரிந்தெடுக்கும் உயர்பதவி. அதனால் ‘தெரிவேந்தர்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர் என்ற வரிசை நம் நாளிதழ் படிக்கும் எவருக்கும் பழகியது. இன்று ‘வேந்தர்’ என்றவுடன் முடியையும் செங்கோலையும் நினைப்பவரைவிடப் பட்டமளிப்பு விழாவை நினைப்பவரே மிகுதி. எனவே சொல்லைக் கேட்டதும் இது பல்கலைக்கழகப் பதவி என்பது விளங்கிவிடும். ‘தெரி’ என்பதற்குத் தேர்ந்தெடுத்தல் என்ற பொருள் புதிதன்று. ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரத்துக்கே குறளில் பெயர் உண்டு, ஈழத்தில் தெரிவு, தெரிவுக்குழு என்பவை அன்றாடச் சொற்கள். சுடுசோறு, ஆடுகளம் போல இதுவும் வினைத்தொகை: தெரிந்த, தெரிகின்ற, தெரியும் வேந்தர் என்று மூன்று காலத்துக்கும் விரியும். மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் வாக்குக்குப் போகிற பதவிக்கு இந்த இலக்கணம் இயல்பாகவே பொருந்துகிறது. ‘தேர்வேந்தர்’ என்றால் தேரும் தேர்வும் குறுக்கே வந்து நிற்கும்.

இரண்டு தடைகள் எழலாம். தமிழ்நாட்டில் ‘தெரி’ என்றால் கண்ணுக்குப் புலப்படுதல் என்றே முதலில் தோன்றும் என்பது ஒன்று. கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் ‘மாணவர் வாக்கால் அமரும் தெரிவேந்தர்’ என்று எழுதிவிட்டால் அந்தத் தடை நீங்கும். ஸ்காட்லாந்தின் வேந்தரும் தேர்ந்தெடுக்கப்படுபவர்தானே என்பது மற்றொன்று, இது வலுவான தடை. பட்டதாரிகள் அடங்கிய பொதுக்குழுவே அவரைத் தேர்கிறது, உண்மைதான். ஆனால் மரபாக அவர் குறித்த தவணையின்றி நீண்டகாலம் இருப்பவர். தவணைதோறும் வளாகத்தின் தீர்ப்புக்கு ஆட்படுகிறவருக்கே ‘தெரி’ என்ற அடை கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதை ஏற்றால் துணைச்சொற்களும் எளிதில் கிளைக்கும். பதவியேற்றபின் அவர் ஆற்றும் பேருரையைத் ‘தெரிவேந்தர் உரை’ எனலாம். கிளாஸ்கோ கப்பல்கட்டும் தளத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஜிம்மி ரீட், கிளாஸ்கோ பல்கலைக்கழக ரெக்டராக 1972இல் ஆற்றிய, நியூயார்க் டைம்ஸ் முழுமையாக வெளியிட்ட, மனிதர் சமூகத்திலிருந்து அந்நியப்படுவதைப் பற்றிய உரை இந்த வகையைச் சேர்ந்ததுதான். எனக்குத் தெளிவு வராத ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. ரெக்டர் தமக்குத் துணையாக ஆட்சிமன்றத்துக்கு அமர்த்தும் ‘அசெசர்’ பெரும்பாலும் ஒரு மாணவர். ரெக்டருக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஓடியாடி வேலைசெய்பவர் அவர்தான். ‘மதிப்பீட்டாளர்’ என்பது வரிக்கணக்கரை நினைவூட்டும். ‘சார்பாளர்’ என்று வைத்திருக்கிறேன்; இலங்கைப் பல்கலைக்கழக மூதவைகளிலோ (செனட்) பேரவைகளிலோ (கவுன்சில்) பணியாற்றிய நண்பர்கள் அங்கே இதற்கு நிகரான சொல் வழங்கினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.