அடுத்த பத்து வருடத்துக்குச் சபை எப்படித் திட்டம் போடுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

தேரிக்காட்டார் கேட்டது:

எல்லாருக்கும் தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு நான் செயலாளர். தபால் துறையில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன்.

எங்கள் பதிவேட்டில் 112 குடும்பங்கள் இருக்கின்றன. போன ஞாயிறு இரண்டாம் மணி அடித்த பிறகு கோயிலுக்குள் எண்ணிப் பார்த்தேன். 47 பேர்தான். அதில் 31 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஞாயிறு பள்ளிக்கு ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். ஐயருக்கு, அதாவது எங்கள் போதகருக்கு, ஏழு கோயில் என்பதால் அவர் வராத வாரங்களில் அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார்தான் ஆராதனை நடத்துகிறார்.

அசனத்துக்கு (கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு) மட்டும் சென்னை, கோவை, மும்பையிலிருந்து வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள். இந்த வருடம் அவர்கள் ஒன்றுகூடி, கோபுரத்தை உயர்த்திக் கட்ட வேண்டும், பாதிச் செலவு எங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளூர்க்காரர்களோ மேற்கூரை ஒழுகுவதை முதலில் பாருங்கள் என்கிறார்கள். கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பத்து வருடம் கழித்து இந்தக் கோயிலில் மணி அடிக்க ஆள் இருக்குமா என்று ராத்திரியில் தூக்கம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கோவைவாசி:

அண்ணாச்சி, வெளியூர்க்காரனாக ஒரு வார்த்தை. பேருந்து திருப்பத்தில் கோபுரம் தெரிந்தால்தான் எங்களுக்கு ஊர் வந்த மாதிரி. மெஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது உள்ளுக்குள் என்னவோ செய்யும். எங்கள் ஆசையை வெறும் பெருமை என்று தள்ளிவிடாதீர்கள்.

தென்காசி அக்கா:

தம்பி சொல்வது நியாயம்தான். ஆனாலும் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன், செயலாளர் ஐயா.

எங்கள் சபையிலும் முதலில் பொதுக்கூட்டம்தான் போட்டோம். சத்தமாகப் பேசத் தெரிந்த ஐந்து பேர் பேசினார்கள், மற்றவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்த வழியை விட்டுவிட்டோம். ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்து வருடத்தை எண்ணினோம். ஞானஸ்நானம் 23, அடக்கம் 61. அந்த இரண்டு எண்களைப் பார்த்ததும் கமிட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போனோம். காணிக்கைப் பேச்சை எடுக்கவே கூடாது என்று முடிவு. கோயிலுக்கு வர எது தடை, சபைக்கு உங்களால் எது முடியும், உங்கள் பேரப்பிள்ளைக்கு இங்கே என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். ஒரு பாட்டி, "கோயிலுக்கு வாரேனே, வேப்பமரத்தடியில இருந்து பாட்டைக் கேட்டுட்டுப் போயிருவேன், படி ஏற முடியல" என்றார்கள். ஐந்தே படி, ஆனால் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். இரண்டு வருடமாக அந்தப் பாட்டி வெளியில் உட்கார்ந்திருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முதல் வேலையாகச் சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் போட்டோம். திருவிருந்து அன்று பாட்டி முன்வரிசையில் இருந்தார்கள்.

வேதத்தில் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். நாங்கள் பணத்தை எண்ணினோமே தவிர, ஆளை எண்ணவில்லை.

ஒன்று மறந்துவிடாதீர்கள். முடிவு செய்ததை மினிட் புத்தகத்தில், யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்று எழுதி வையுங்கள். தேர்தல் முடிந்து புதுக் கமிட்டி வந்தால் பழைய திட்டம் காற்றில் போய்விடும், எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. சொத்து சி.எஸ்.ஐ.டி.ஏ. (திருச்சபையின் சொத்துகளை வைத்திருக்கும் அறக்கட்டளை) பேரில் இருப்பதால், பெரிய கட்டட வேலை என்றால் பேராயரின் கீழ் இருக்கிற திருமண்டலத்தின் அனுமதியும் வேண்டும். வசூலைத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

பாளையங்கோட்டை வாத்தியார்:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1903இல் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். எல்லாரும் வசதியானவர்கள் இல்லை. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்து வைக்கிற பழக்கம் நம் தாய்மாருடையது. உங்கள் திட்டத்தில் கோயில் சுவருக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் ஒரு வரி இருக்கட்டும். சாயங்காலப் பாடம் சொல்லிக்கொடுக்க உங்கள் ஊரில் பிள்ளைகள் இருப்பார்களே?

தேரிக்காட்டார்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலம் உபதேசியாரும் நானும் மேலத்தெருவில் நான்கு வீடு போனோம். மூன்றாவது வீட்டில் துபாயிலிருந்து திரும்பி ஒன்றரை வருடமாக இருக்கிற பையன் நன்றாகக் கீபோர்டு வாசிப்பானாம். எங்கள் கோயில் கீபோர்டு உறை போட்டு மூலையில் கிடக்கிறது. "யாரும் கேக்கலையே மாமா" என்றான். வருகிற ஞாயிறு வாசிக்கிறான்.

இன்னும் 108 வீடு இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். கோவைத் தம்பி, வெளியூரில் இருக்கிறவர்களிடமும் அதே மூன்று கேள்விகளைப் போனில் கேட்கப் போகிறோம். கோபுரப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன்.