பெம்ப்ரோக் என்று கடிதம் வந்தால், எந்தப் பெம்ப்ரோக் என்று பாருங்கள்

பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ புதிதாக வரும் நம்மவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: வேலைக் கடிதத்தில் பெம்ப்ரோக் என்ற பெயரைக் கண்டவுடன் வீடு தேடத் தொடங்காமல், அதன் கீழே உள்ள அஞ்சல் குறியீட்டை முதலில் படியுங்கள்.

இந்தப் பெயரின் மூல ஊர் பிரிட்டனில் வேல்ஸின் தென்மேற்கில் உள்ளது. இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி 1457-இல் பிறந்த கோட்டை அங்கேதான் நிற்கிறது. அங்குள்ள பலகைகள் இரு மொழிகளில் இருக்கும். பென்வ்ரோ என்று வேல்ஸ் மொழியில் எழுதியிருப்பதும் அதே ஊர்தான். ஆனால் டோக் பென்வ்ரோ, அதாவது பெம்ப்ரோக் டாக், கப்பல் கட்டும் தளத்தைச் சுற்றி வளர்ந்த தனி ஊர். பெம்ப்ரோக்கின் குறியீடு எஸ்ஏ71, டாக்கின் குறியீடு எஸ்ஏ72. ரயில் பெம்ப்ரோக்கில் நின்ற பிறகுதான் கடைசி நிலையமான டாக்குக்குச் செல்லும் என்பதால், பெட்டிகளோடு வருபவர்கள் இறங்குமிடத்தை முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

1138-இல் கில்பர்ட் டி கிளேர் என்பவருக்கு பெம்ப்ரோக் எர்ல் என்ற பிரபுப் பட்டம் கிடைத்தது. பிறகு அந்தப் பட்டத்தின் வழியாகவே பெயர் வேறு இடங்களுக்கும் பரவியது. 1551 முதல் பட்டத்தை வைத்திருக்கும் ஹெர்பர்ட் குடும்பத்தின் மாளிகைகூட வேல்ஸில் இல்லை; இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கிறது.

மாணவர்களுக்குத்தான் குழப்பம் அதிகம். எர்ல் ஒருவரின் மனைவி மேரி டி செயின்ட் பால் 1347-இல் நிறுவிய பெம்ப்ரோக் கல்லூரி கேம்பிரிட்ஜில் உள்ளது. மூன்றாம் எர்ல் வில்லியம் ஹெர்பர்ட்டைக் கௌரவித்துப் பெயர் பெற்ற 1624-ஆம் ஆண்டுக் கல்லூரி ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. முகவரி எழுதும்போது கல்லூரியின் பெயரோடு நகரத்தின் பெயரையும் குறியீட்டையும் சேர்த்தே எழுதுங்கள். விசா விண்ணப்பத்தில் ஸ்பான்சர் யார் என்று கேட்கும் இடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் குறிப்பிட வேண்டும். கல்லூரி ஸ்பான்சர் ஆகாது.

கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள பெம்ப்ரோக்கும் அதே ஹெர்பர்ட் குடும்பத்துச் சிட்னி ஹெர்பர்ட்டைக் கௌரவித்துப் பெயர் பெற்றது. உறவினர்கள் டொரன்டோவில் இருக்கிறார்கள் என்பதற்காக அங்கே இறங்கினால், சாலை வழியாக இன்னும் நான்கு மணி நேரத்துக்கும் மேல் போக வேண்டியிருக்கும். ஒட்டாவாவுக்கு டிக்கெட் எடுத்தால் மீதி ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். அதற்கான வண்டியைக் குறிப்பாகப் பனிக்காலத்தில் புறப்படும் முன்பே பேசி வையுங்கள்.