எக்செல் ஷீட்டிலிருந்து ஸ்னைப்-ஐடிக்கு மொத்தமா அசெட் ஏத்துறது: சீரியல், தேதி, லொகேஷன் மாறுது

பாளை_ஸ்டோர்:
வணக்கம். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் மூணு கிளைக்கும் சேர்த்து 1,800 அயிட்டம் ஒரே ஷீட்ல இருக்கு. அதை ஸ்னைப்-ஐடிங்கிற அசெட் (சொத்துப் பொருள்) கணக்கு மென்பொருள்ல ஏத்தணும். சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைல்) மாத்தி 20 வரி சோதனைக்குப் போட்டா, சில சீரியல் நம்பர் உருமாறுது. 03/04/2023 மார்ச் 4 ஆகுது. பாளை மட்டும் மூணு லொகேஷனா நிக்குது. முழுசா ஏத்துறதுக்கு முன்னால என்னென்ன சரிபண்ணணும்?

ஜங்ஷன்_சர்வர்:
அண்ணாச்சி, சீரியல் கோளாறு எக்செலோடது. 11 இலக்கத்தைத் தாண்டின எண்ணைச் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியில திரையில தெரியிறதுதான் பதிவாகும். 15 இலக்கத்துக்கு மேல உள்ளதைச் சைபராக்கிரும், அது திரும்பக் கிடைக்காது. பொருள்ல ஒட்டுன ஸ்டிக்கரைத்தான் பாக்கணும். முன்னால உள்ள சைபரும் விழுந்துரும். பொல்லாதது எதுன்னா, எண்ணுக்கு நடுவுல ஆங்கில ‘இ’ வர்ற சீரியல்: 47இ5-ஐ 47 லட்சமா எடுத்துக்கிடும்.

சீரியல் உள்ள காலத்தை (நெடுவரிசையை) முதல்ல டெக்ஸ்ட் ஆக்கிட்டு அப்புறம் டேட்டாவை ஒட்டுங்க. மாறினபிறகு ஆக்கிப் பிரயோஜனமில்ல. சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணித் திறக்கவே கூடாது. லிப்ரே ஆபீஸ் கால்க்னா திறக்கும்போதே காலம் வகை கேக்கும், டெக்ஸ்ட் குடுங்க. சேமிக்கும்போது யூடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியாக்கம் குடுங்க, இல்லேன்னா தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறிதான்.

தேதி 2023-04-03ன்னு வருடம் முதல்ல இருக்கட்டும். விலையில 1,25,000ன்னு கமா வேண்டாம், 125000 போதும்.

பொருநை_அட்மின்:
லொகேஷன், மாடல், சப்ளையர் எல்லாம் பேரை வச்சுத்தான் பொருந்தும். பேர் பொருந்தலேன்னா இம்போர்ட்டர் (ஃபைலை உள்ளே ஏத்துற பகுதி) கேக்காமப் புதுசா உண்டாக்கிரும். பாளை, பாளையங்கோட்டை, பாளையங்கோட்டை கிளை: அதான் மூணு. பிவட் டேபிள் போட்டு ஒவ்வொரு காலத்துலயும் எத்தனை விதமாப் பேர் இருக்குன்னு பாத்து ஒண்ணாக்குங்க. வேலையில பாதி இதுதான்.

ஆள் பேர்ல இன்னும் கவனம். ‘எஸ். முருகன்’னு முழுப்பேர் காலத்துல போட்டா ‘எஸ்.’ முதல் பேராப் பதிஞ்சிரும். பணியாளர் எண்ணை யூசர்நேமா வச்சு யூசர் பட்டியலைத் தனியா முதல்ல ஏத்துங்க. அசெட் ஃபைல்ல யூசர்நேம் காலம் மட்டும் போதும்.

அசெட் டேக் (ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள தனி எண்) காலம் கட்டாயம் வேணும். அது இல்லாம தானியங்கி எண் ஓடினா, அதே ஃபைலை இன்னொரு தடவை ஏத்தும்போது 1,800 அயிட்டம் 3,600 ஆயிரும். டேக் இருந்தா, திருத்தின ஃபைலை ‘இருப்பதைப் புதுப்பி’ டிக் பண்ணி ஏத்தலாம். டிக் இல்லேன்னா பழைய டேக் உள்ள வரியை விட்டுட்டுப் போயிரும்.

பாளை_ஸ்டோர்:
நன்றி. ரேம் அளவுக்குத் தனி ஃபீல்டு உண்டாக்கி, ஷீட்ல உள்ள காலத்தோட மேப்பும் பண்ணியாச்சு. ஆனா காலியாவே இருக்கே?

பொருநை_அட்மின்:
ஃபீல்டை ஃபீல்டுசெட்டுல (ஃபீல்டுகளோட தொகுப்பு) சேர்த்து, அந்த ஃபீல்டுசெட்டை மாடலோட இணைச்சிருக்கணும். இம்போர்ட்ல புதுசா உண்டான மாடலுக்கு அது இருக்காது. மாடல்களை முன்கூட்டியே போட்டு இணைச்சிட்டு ஏத்துங்க.

ஜங்ஷன்_சர்வர்:
ஏத்துறதுக்கு முன்னால பேக்கப் எடுத்துருங்க, இம்போர்ட்டைத் திருப்ப பட்டன் கிடையாது. 1,800 வரியும் ஒரே மூச்சுல வேண்டாம். ரொம்ப நேரம் ஓடினா சர்வர் நடுவுல நிறுத்திரலாம். கிளைக்கு ஒரு ஃபைலாப் பிரிச்சு, சின்னக் கிளையை முதல்ல ஏத்துங்க.