புதுப்பிப்பு: விற்ற ஸ்கூட்டருக்கு எனக்கு வந்த அபராதம்

சென்ற மாதம் எழுதியிருந்தேன்: பழைய ஸ்கூட்டரை 18,000 ரூபாய்க்கு விற்று எட்டு மாதம் கழித்து, தலைக்கவசம் அணியாததற்கு 1,000 ரூபாய் அபராதம் என் கைப்பேசிக்கு வந்தது. என்ன ஆயிற்று என்று பலர் கேட்டீர்கள்.

வண்டி மூன்று கை மாறியிருக்கிறது. பதிவில் மட்டும் என் பெயரே! அபராதம் பெரிதல்ல. வண்டி கைமாறினாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

விற்பனையை 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. நானோ கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். தவறு என்னுடையது.

இப்போது வண்டியை வைத்திருப்பவர் கட்டட வேலை செய்யும் இளைஞர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னுடன் அலுவலகம் வந்தார் (இதை நான் எதிர்பார்க்கவே இல்லை). படிவம் 29, 30 கொடுத்தோம். நேற்று பெயர் மாறிவிட்டது. அபராதத்தையும் அவரே கட்டினார். பாதியையாவது தருகிறேன் என்றேன், "வேண்டாம் அண்ணா" என்று மறுத்துவிட்டார்.