கொக்குவில் வீட்டார்

பெரியக்கா: அம்மாவின் முதல் வருட ஆட்டைத்திவசம் நல்லூர்த் திருவிழாவுக்குள்தான் வருகிறது என்று ஐயர் சொல்லிவிட்டார். யார் யார் வருகிறீர்கள்? சமையலுக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

ரொறன்ரோ மாமி: நான் இல்லைப் பிள்ளை. முழங்கால்.

சின்னத்தம்பி: நான் இங்கேதானே.

ஒஸ்லோ அண்ணா: நாங்கள் நால்வரும் வருகிறோம். தேர்தான் சிக்கல். ஆடி அமாவாசை கழித்து ஆறாம் நாள் கொடி, 24ஆம் நாள் தேர். இங்கே ஆகஸ்ட் நடுப்பகுதி கழிந்ததும் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். அமாவாசை பிந்தினால் தேர் கிடையாது. லீவு கேட்டு எழுதியிருக்கிறேன். சின்னவன் வடம் பிடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

பெரியக்கா: சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். கழற்றுவானா?

ஒஸ்லோ அண்ணா: மே 17, நோர்வே தேசிய நாள் ஊர்வலத்துக்கே வேட்டியோடு போகக் கேட்டவன். குளிருக்குப் பயந்து தாய்தான் மறித்தாள்.

மச்சாள் கொழும்பு: ❤️

ரொறன்ரோ மாமி: அவர்களுக்கு ஹோட்டலில் அறை எடுங்கள். வெள்ளைக்காரப் பெண் கிணற்றடியில் எப்படிக் குளிப்பாள்?

பெரியக்கா: நானும் யோசித்தேன். மோட்டரும் பழுது.

ஒஸ்லோ அண்ணா: மாமி, ஹோட்டல் கதை வேண்டாம். 1980களின் கடைசியில் வட நோர்வேயில், பின்மார்க்கில் கை விறைக்க மீன் வெட்டிய காலத்தில், கண்ணை மூடினால் எனக்கு இந்தக் கிணற்றடிதான். துலா கிரீச்சிடும், வாழைக்குத் தண்ணீர் பாயும், அம்மா சீயாக்காயோடு நிற்பா. போரில் ஏ9 பாதை பூட்டிய 2006இல் அப்பா செத்தார். என்னால் வர முடியவில்லை. அன்று விடியும்வரை என் பக்கத்தில் விழித்திருந்தவள் அவள். அப்போது அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. இன்றைக்குக் கூழுக்கு ஒடியல் மாவை, அந்தக் காய்ந்த பனங்கிழங்கு மாவை, ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை வடித்து வடித்துக் கசப்பெடுக்கிறவளும் அவள்தான். பயற்றங்காய்க்குக் கடை கடையாக அலைவாள். மீன் மட்டும் இங்கே கிடைக்கும் கொட். பிள்ளைகள் தாயோடு நோர்வேஜிய மொழி, என்னோடு தமிழ். அவர்களை இந்த வீட்டுக்கு விருந்தாளிகள் ஆக்கிவிடாதீர்கள். அம்மா படுத்த அறையில் பாய் போட்டால் போதும்.

சின்னத்தம்பி: அண்ணி போன முறையும் வாளியால் அள்ளித்தான் குளித்தார்.

மச்சாள் கொழும்பு: கூழ் என்றதும் பசிக்கிறது. நண்டு போடுவீர்களா?

பெரியக்கா: திருவிழாவில் மச்சமா! தீர்த்தம் முடியட்டும்.

மச்சாள் கொழும்பு: அதற்குள் அவர்கள் போய்விடுவார்களே.

சின்னத்தம்பி: சைவக்கூழ் காய்ச்சலாம். பலாக்கொட்டை இருக்கிறது. குடிக்கப் பனையோலையில் பிளா நான் கோலுகிறேன்.

பெரியக்கா: திவசம் முடியட்டும், பார்ப்போம்.

ஒஸ்லோ அண்ணா: பிள்ளைகளுக்கு யாழ்தேவியில் வர ஆசை. நான் ஊரை விட்டுப் போனது அதில்தான். 1990இல் நின்ற ரயில், 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. ஜன்னலோரம் இருந்து ஆனையிறவு காட்ட வேண்டும்.

மச்சாள் கொழும்பு: திருவிழா நேரம் டிக்கெட் கிடைக்காது. வான் பிடியுங்கள்.

ஒஸ்லோ அண்ணா: முயன்று பார்.

ரொறன்ரோ மாமி: தம்பி, நான் அவளைக் குறைவாகச் சொல்லவில்லை. கலியாணத்துக்கு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கவலை இன்னும் இருக்கிறது.

ஒஸ்லோ அண்ணா: தெரியும் மாமி. இரவு எடுக்கிறேன்.

ரொறன்ரோ மாமி: அவளையும் கதைக்கச் சொல்.

பெரியக்கா: அம்மாவின் அறையில் நெல்லு மூட்டை கிடக்கிறது. சின்னத்தம்பி, ஞாயிறு வந்து தூக்கிவை.

சின்னத்தம்பி: ஞாயிறு வேலை. திங்கள் பார்க்கிறேன்.

மச்சாள் கொழும்பு: தேருக்கு நிற்கிறார்களா, இல்லையா?